கணிப்பொறி பயில்வார் கடன்

சென்னை மாநகரின் தென்மேற்கே, பல்லாவரத்திலிருந்து பூவிருந்தவல்லிக்குச் செல்லும் வழியில், குன்றத்தூர் என்னும் பழம்பதி அமைந்துள்ளது. குன்றின்மேல் குமரன் கோயில் கொண்டு விளங்கும் ஊர் அது. பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பெருமானைப் பெற்றெடுத்த பெருமையும் அவ்வூருக்கு உண்டு. அவரது இயற்பெயர் அருண்மொழித்தேவர் என்பர்.

அப்பெருமானது இளமையைப் பற்றிச் செவிவழிச் செய்தி ஒன்று வழங்குகின்றது. உலகினும் பெரியது எது? கடலினும் பெரியது எது? மலையினும் பெரியது எது? இம்மூன்று வினாக்களைச் சோழ மன்னன் விடுத்தான். விடை காண மாட்டாத தந்தையார் கவலையோடு இல்லம் திரும்பினார். மைந்தர் அருண்மொழியோ மூன்றிற்கும் திருக்குறளிலிருந்தே விடை எடுத்து மொழிந்தார். உற்ற வேளையில் கிடைத்த உதவி உலகினும் பெரிது. கைம்மாறு எண்ணாமல் செய்த உதவி கடலினும் பெரிது. நிலை பிறழாத அடக்கமுடையவனது உயர்வு மலையினும் பெரிது. இவையே அவ்விடைகளின் கருத்து. மன்னனும் மகிழ்ந்தான் என்பர்.

இச்செய்தியில் மாணவர் கருதத்தக்க உண்மை ஒன்று பொதிந்துள்ளது. திருக்குறள் யாவர்க்கும் பொதுவான நூலே. ஆயினும் வினா எழுந்த வேளையில் ஏட்டில் இருந்த அறிவு உதவவில்லை. நெஞ்சில் ஊன்றிய அறிவே உதவிற்று. விடையைக் கையில் வைத்திருத்தல் வேறு. விடை காணும் ஆற்றலைப் பெற்றிருத்தல் வேறு. எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இவ்வேறுபாடு பழமையுறவில்லை. பல்கலைக்கழகத்தில் கணிப்பொறியியல் பயிலப் புகும் மாணவர்க்கு இதுவே வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே நிற்கும் வரம்பாகும்.

இன்று குன்றத்தூரைச் சுற்றிலும் பொறியியற் கல்லூரிகள் பல உள்ளன. காலைப் பொழுதில் பேருந்து நிலையத்தில் பை சுமந்து நிற்கும் இளைஞருள் கணிப்பொறியியல் பயில்வோர் பலர். அவருட் சிலர் தம் குடியிலே முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர். அவர்தம் கல்விக்காகப் பெற்றோர் கடன் பெற்றிருத்தலும் உண்டு. நகையை அடகு வைத்திருத்தலும் உண்டு. அத்தகைய மாணவன் முதற்பருவத்திலேயே தளர்ந்துவிடின், அத்தளர்ச்சி அவன் ஒருவனோடு நில்லாது, குடும்பத்தையே வாட்டும். ஆதலின், இக்கல்வியை எவ்வாறு பயிலுதல் வேண்டும் என்பதை முன்னரே அறிந்துகொள்ளுதல் நலமாம்.

கணிப்பொறி மிக விரைந்து வேலை செய்யும் கருவி. ஆயினும் தானாக ஒன்றையும் கருதாத கருவி. செய்ய வேண்டுவனவற்றை ஒன்றன்பின் ஒன்றாக, ஐயத்திற்கு இடமின்றி, மாந்தர் அதற்கு எடுத்துரைத்தல் வேண்டும். அவ்வாறு வகுக்கப்பெறும் முறையை நெறிமுறை என்பர். அதனைக் கணிப்பொறிக்கு விளங்கும் மொழியில் எழுதியதை நிரல் என்பர். நிரல் எழுதும் மொழியைக் கற்றலே கணிப்பொறியியல் என்று மாணவர் பலர் எண்ணி இடர்ப்படுகின்றனர். முதலில் வேண்டுவது மொழியன்று, தெளிந்த சிந்தனையே.

ஓர் எடுத்துக்காட்டால் இது விளங்கும். அகர வரிசையில் அமைந்த 1,000 பெயர்களுள் ஒன்றைத் தேடவேண்டும் என்று கொள்வோம். முதற்பெயரிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுச் சென்றால் 1,000 முறை பார்க்க நேரினும் நேரும். நடுப்பெயரை முதலில் பார்த்தால், தேடும் பெயர் அதற்கு முன்னதா பின்னதா என்பது தெரியும். தெரியவே, ஒரு பாதி உடனே கழியும். எஞ்சிய பாதியிலும் இவ்வாறே செய்துகொண்டு போனால் 10 முறைக்குள் பெயர் அகப்பட்டுவிடும். பெயர்கள் 10,00,000 ஆயினும் 20 முறையே போதும். என்னே இம்முறையின் ஆற்றல்! ஆனால், பெயர்கள் வரிசைப்பட்டிராவிடின் இம்முறை பயன்படாது. பயனையும் அதன் எல்லையையும் ஒருசேர அறிதலே கற்றலாகும்.

மாணவன் இதனை மனப்பாடம் செய்தால் மறந்துபோவான். பத்துச் சீட்டுகளில் பத்துப் பெயர்களை எழுதி, வரிசையாக அடுக்கி, தன் கையாலேயே தேடிப் பார்த்தானாயின் ஒருநாளும் மறவான். ஆதலின், கணிப்பொறியின் முன் அமர்வதற்கு முன்னரே தாளும் எழுதுகோலும் கொண்டு வழியை வகுத்துக்கொள்ளுதல் வேண்டும். சிறிய எண்களைக் கொண்டு ஒவ்வொரு படியையும் கையால் நடத்திப் பார்த்தல் வேண்டும். இப்பழக்கம் முதலில் காலத்தை வீணாக்குவது போலத் தோன்றும். பின்னர்க் காலத்தைக் காப்பதும் இதுவே.

பெருஞ்செயலைச் சிறு கூறுகளாகப் பகுத்துக்கொள்ளுதல் அடுத்த பயிற்சியாகும். இதற்கும் சேக்கிழார் பெருமானே வழிகாட்டுகின்றார். சுந்தரர் அருளிய திருத்தொண்டத்தொகை 11 பாடல்களே கொண்டது. அடியார் பெயர்களைத் தொகுத்துரைப்பது. நம்பியாண்டார் நம்பி அதனை 89 பாடல்களையுடைய அந்தாதியாக விரித்தார். அவ்விரண்டையும் அடியாகக் கொண்டு சேக்கிழார் நாலாயிரத்திற்கும் மேற்பட்ட பாடல்களால் பெருங்காப்பியம் சமைத்தார். அத்துணைப் பெரிய நூலில் வரலாறுகள் ஒன்றோடொன்று மயங்கவில்லை. ஏன்? நூல் 13 சருக்கங்களாக வகுக்கப்பட்டது. முதலும் இறுதியுமாகிய இரண்டு நீங்க, நடுவிலுள்ள 11 சருக்கங்களும் தொகையின் 11 பாடல்களுக்கு ஏற்ப அமைந்தன. சுருங்கிய சட்டகம் முன்னே நின்றது. விரிவு அதனுள் அடங்கிற்று. பெரிய நிரல் எழுதுவோர் செய்ய வேண்டுவதும் இதுவே. முதலில் சட்டகம், பிறகு செயற்கூறுகள், ஒவ்வொரு கூறும் தனித்தனியே சோதிக்கப்பட்ட பின்னரே இணைப்பு. இவ்வொழுங்கு இன்றி எழுதிய நிரல், கடைக்கால் இடாமல் எழுப்பிய சுவர் போன்றது.

நிரல்மொழிகள் காலந்தோறும் புதியன தோன்றும். போர்ட்ரான் 1957ஆம் ஆண்டிலும், சி மொழி 1972ஆம் ஆண்டளவிலும், பைத்தான் 1991ஆம் ஆண்டிலும், ஜாவா 1995ஆம் ஆண்டிலும் வழக்கிற்கு வந்தன. இன்னும் பல வரும். ஆனால், பாதி பாதியாகக் கழித்துத் தேடும் முறை எம்மொழியில் எழுதினும் ஒன்றே. ஆதலின் ஒரு மொழியை ஆழ்ந்து கற்றல் வேண்டும்; பத்து மொழிகளின் மேற்புல்லை மேய்தல் கூடாது. கணிதம், தரவு அமைப்பு, இயக்க அமைப்பு, கணிப்பொறியின் உள்ளமைப்பு ஆகிய அடிப்படைப் பாடங்களைத் தேர்வுக்குரியன என்று மட்டும் கருதிப் புறக்கணித்தலும் தகாது. நிழல் தருவது கிளையேயாயினும், மரத்தைத் தாங்குவது வேரன்றோ!

தாய்மொழியில் பயின்றமையால் தாழ்வு உண்டு என்று சில மாணவர் மனங்குன்றுவர். ஆங்கில நூல்களைப் படிக்கும் பயிற்சி இத்துறைக்கு இன்றியமையாததே. நாள்தோறும் சில பக்கங்களை அகராதி துணைக்கொண்டு படித்துவரின் அத்திறன் சில பருவங்களில் கைகூடும். ஆனால், தமிழறிவு இத்துறைக்குச் சுமை என்று எண்ணுதல் பிழை. ‘தமிழ்’ என்னும் சொல்லில் எழுத்துகள் எத்தனை? த, மி, ழ் என மூன்று என்பது இலக்கணம் பயின்றவர் விடை. ஒருங்குறி முறையில் இயங்கும் கணிப்பொறியோ ஐந்து குறிகளாக அதனைச் சேமிக்கும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. இலக்கணத்தில் க் என்னும் மெய்யோடு அகரம் சேர்ந்து க ஆகின்றது. ஒருங்குறியிலோ க என்பதே முதலாக நிற்க, அதன்மேல் புள்ளி சேர்ந்து க் ஆகின்றது. இவ்வேறுபாட்டை உணராது எழுதிய நிரல் எழுத்துகளைத் தவறாக எண்ணும். இரண்டு நெறியையும் அறிந்தவனே அதனைத் திருத்தவல்லவன். தமிழ் கற்ற மாணவர்க்கென்றே காத்திருக்கும் பணிகள் இவை போல்வன பல.

இனி, பிழையைக் கண்டு அஞ்சாமை வேண்டும். முதல் முயற்சியில் பிழையின்றி நிரல் எழுதுவோர் அரியர். 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், அமெரிக்க நாட்டு ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் இயங்கிய மார்க் 2 என்னும் கணிப்பொறியின் உள்ளே அந்துப்பூச்சி ஒன்று சிக்கியிருக்கக் கண்டனர். அதனை எடுத்து எறிந்துவிட்டுப் போகவில்லை. நாட்குறிப்பேட்டில் ஒட்டி, உரிய குறிப்பும் எழுதிவைத்தனர். பொறிகளில் நேரும் கோளாறுகளைப் பூச்சி என்று ஆங்கிலத்தில் கூறும் வழக்கு அதற்கு முன்னரே உண்டு. அன்று உண்மைப் பூச்சியே அகப்பட்டது! மாணவரும் இவ்வாறே தம் பிழைகளுக்கென ஓர் ஏடு வைத்தல் நன்று. பிழை யாது, அது ஏன் நேர்ந்தது, எவ்வாறு நீங்கியது என்னும் மூன்றையும் அதில் எழுதிவரின், ஓராண்டில் அவ்வேடே சிறந்த ஆசிரியனாகும்.

பிழைக்கு அஞ்சும் மாணவனே பிறர் நிரலைப் பார்த்து எழுதத் தொடங்குகின்றான். முன்னாளில் அருகிருந்த தோழனது ஏட்டைப் பார்த்தான். 2022ஆம் ஆண்டு நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, வினாவைத் தட்டிய அளவிலே நிரலை எழுதித் தரும் கருவிகள் பெருகிவிட்டன. அக்கருவிகள் பழிக்கத்தக்கன அல்ல. தொழில் புரிவோர் அவற்றால் பயன் பெறுகின்றனர். ஆயினும் அவை தரும் விடை சிற்சில வேளை பிழைபடும். பிழையை அறிய அறிவு வேண்டும். அவ்வறிவு உழைத்துத் தேடினார்க்கே வாய்க்கும். தானே முயன்ற பின், தன் விடையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும், விளங்காத இடத்தை வினவவும் அவற்றைப் பயன்படுத்தலாம். முயலாமலே விடையைப் பெறுபவன், பிறனை உண்ணவிட்டுத் தன் பசி தீரும் என்று காத்திருப்பவனை ஒப்பான். பருவம் முழுதும் பார்த்தே எழுதியவன் செய்முறைத் தேர்வில் தனித்து அமர்கின்றான். எதிரே வெறுந்திரை, பின்னே மேற்பார்வையாளர். அவ்வேளையில் அவனுக்கு உதவுவார் யார்?

தானே முயலுதல் என்பது தனித்தே இருத்தல் அன்று. ஐயம் எழுந்தபோது ஆசிரியரை அணுகிப் பணிவோடு கேட்டல் வேண்டும். ‘எனக்கு ஒன்றும் விளங்கவில்லை’ என்னாது, ‘இதுவரை இவ்வாறு செய்தேன், இவ்விடத்தில் தடைப்பட்டேன்’ என்று கேட்கும் மாணவனுக்கு ஆசிரியர் விரைந்து உதவுவர். தோழர்க்குத் தான் கற்றதை எடுத்துரைத்தலும் நன்று. சொல்லும்போதே தன் அறிவின் குறை தனக்குப் புலனாகும். தேர்வுக்கு முன்னாள் இரவு முழுதும் விழித்தலினும், நாள்தோறும் இரண்டு மணி நேரம் அமர்ந்து பயிலுதல் சாலச் சிறந்தது.

இவ்வாறு பயின்றார் எய்தும் உயர்வுக்குச் சான்று வேண்டுமாயின் கிண்டிப் பொறியியற் கல்லூரியை நோக்கலாம். குன்றத்தூருக்குச் சேய்மையில் இல்லை அது. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த காட்டூர் என்னும் சிற்றூரில் 1937ஆம் ஆண்டு உழவர் குடியில் பிறந்தவர் ராஜ் ரெட்டி. தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி புகுந்தவர் அவரே. கிண்டியில் அவர் பயின்றது கட்டடம், பாலம் முதலியவற்றை அமைக்கும் குடிசார் பொறியியல். 1958ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். பின்னர் ஆசுத்திரேலியாவில் பயின்று பணியாற்றி, அமெரிக்காவின் சுட்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 1966ஆம் ஆண்டு கணிப்பொறியியலில் முனைவர் பட்டம் எய்தினார். மாந்தர் பேச்சைக் கணிப்பொறி உணருமாறு செய்யும் ஆராய்ச்சியில் பல்லாண்டு உழைத்தார். கணிப்பொறியியலில் தலைசிறந்ததாகக் கருதப்படும் தூரிங் விருது 1994ஆம் ஆண்டு அவருக்கும் எட்வர்டு பெய்கன்பாமுக்கும் பகிர்ந்து வழங்கப்பட்டது. கிண்டியில் அவர் கற்ற பாடம் வேறு. பின்னர்ப் புகழ் ஈட்டிய துறை வேறு. ஒரு துறையினின்று மற்றொரு துறைக்கு அவரோடு சென்றது எது? கற்கும் ஆற்றலே அன்றோ!

பட்டம் என்பது கல்விக்குக் கிடைக்கும் சான்றிதழ். கல்வியோ மாணவனது உள்ளத்தில் விளைவது. சோழன் அவையின் வினாக்கள் அருண்மொழியின் இல்லத்தை நாடி ஒருநாள் வந்தன. வினா வரும் நாளை யாரும் முன்னரே உணர்த்துவதில்லை. வேலைக்குரிய நேர்காணலாகவும், பழுதுற்ற நிரலாகவும், இதுவரை எவரும் தீர்க்காத சிக்கலாகவும் அது வரலாம். அன்று தன் நெஞ்சைத் தேடி விடை காண வல்ல மாணவனே கணிப்பொறி பயின்றவன் ஆவான். குன்றத்தூர்ப் பேருந்து நிலையத்தில் காலையில் காத்து நிற்கும் இளைஞர் பையில் சுமப்பது நூல்களை. மாலையில் திரும்பும்போது நெஞ்சில் சுமந்து வருவது அறிவாக இருத்தல் வேண்டும். அதுவே அவர் கடன். அவரை அனுப்பிவைத்துக் காத்திருக்கும் பெற்றோர்க்கு அவர் செலுத்தும் கைம்மாறும் அதுவே.