திராட்சையின் நிறமியை அளந்தறிதல்

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றதை நாம் அறிவோம். அக்கனியின் கருஞ்சிவப்பைக் கண்டே வாங்குவோர் விலை பேசுகின்றனர். பழச்சாறு தயாரிக்கும் குழுவினரும் நிறத்தையே நம்புகின்றனர். இதற்குக் கண்பார்வை மட்டும் போதுமா என ஆராய்வோம்.

இந்நிறத்தைத் தருவது 'அந்தோசயனின்' எனும் இயற்கை நிறமி. பன்னீர் திராட்சையில் அது பெரும்பாலும் தோலிலேயே தங்கியுள்ளது. அமிலத்தில் சிவப்பதும் காரத்தில் நீலம் பாய்வதும் அதன் இயல்பு. நசுக்கிய தோலின் சாற்றில் எலுமிச்சைச் சாறு சில துளி விட்டால் சிவப்பு மிகும். சமையல் சோடா இட்டால் நீலமும் பச்சையும் கலந்து காணும். நிறமி உண்டென்பதை இச்சோதனை காட்டும். எவ்வளவு என்பதைக் காட்டாது.

அளவறிய ஆய்வுக்கூடங்களும் இவ்வியல்பையே பயன்படுத்துகின்றன. சாற்றின் ஒரு பங்கை பி.எச். 1.0 உள்ள கரைசலிலும், அதே அளவான மற்றொரு பங்கை பி.எச். 4.5 உள்ள கரைசலிலும் கலப்பர். முன்னதில் நிறமி நன்கு சிவக்கும்; பின்னதில் ஏறக்குறைய நிறமிழக்கும். 520 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை ஒவ்வொன்றும் எவ்வளவு உறிஞ்சுகிறதென ஒளிமானியில் காண்பர். கலங்கலால் நேரும் பிழை நீங்க, 700 நானோமீட்டரிலும் அளந்து கழிப்பர். இரு கரைசல்களுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து நிறமியின் அளவு கிடைக்கும். பத்து மடங்கு நீர்த்த சாற்றை ஒரு சென்டிமீட்டர் அகலக் குப்பியில் அளக்கையில் வேறுபாடு 0.60 எனில், மூலச் சாற்றில் லிட்டருக்குச் சுமார் 100 மில்லிகிராம் நிறமி உண்டு.

வேறுபாட்டை ஏன் கணக்கிட வேண்டும்? அளவுக்கு மீறிக் காய்ச்சிய சாறும், வெப்பத்தில் நெடுநாள் கிடந்த சாறும் நிறமியை இழக்கின்றன. சிதைந்த நிறமி பழுப்பேறி நிற்பதால், சாறு கண்ணுக்குக் கருமையாகவே தோன்றும். ஆனால் பி.எச். மாறினும் அதன் நிறம் அவ்வளவாக மாறாது. ஆகவே கழித்தலில் அது நீங்கிவிடும். எஞ்சியுள்ள உண்மை நிறமியே கணக்கில் வரும்.

பழம் எடுப்பதிலும் கவனம் வேண்டும். வெயில் பட்ட கொத்து, நிழலில் தொங்கிய கொத்து, கொத்தின் மேற்பகுதி, நடு, நுனி ஆகிய எல்லாவற்றிலிருந்தும் கலந்தெடுத்தல் அவசியம். சிறந்த கொத்தை மட்டும் அனுப்பினால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வோம்.

ஆகவே, சாறு தயாரிப்போர் காய்ச்சும் முன்பும், பின்பும், ஒரு மாதம் வைத்த பிறகும் மாதிரிகளைச் சோதித்தறிதல் நலம். எப்படியில் நிறமி குறைகிறதெனத் தெரிந்தால், அடுப்பின் சூட்டையோ சேமிக்கும் இடத்தையோ திருத்திக்கொள்ளலாம். ஓராண்டு உழைப்பு கொப்பரையில் வீணாகாமல் காக்க இதுவே வழி.