பிரண்டைத் தொட்டி

மும்பையில் தாராவி. அங்கே ஒரு குறுகலான சந்து. எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். அந்தச் சந்தில் ஒரு வீட்டு வாசலுக்கு மேலே எண்ணெய் டின் ஒன்று தொங்குகிறது. டின்னிலிருந்து பச்சைத் தண்டுகள் கீழே வழிகின்றன. தண்டு உருண்டையாக இல்லை. நான்கு பட்டையாக இருக்கிறது. விரல் நீளத்துக்கு ஒரு கணு. இளம் கணுவில் ஓர் இலை. இலைக்கு எதிரே ஒரு சுருள் கம்பி.

தெரிகிறதா? பிரண்டைதான்.

இந்த வீட்டு ஆச்சிக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அங்கே பிரண்டை வேலியில் தானாகப் படரும். யாரும் தண்ணீர் ஊற்றுவது கிடையாது. ஊருக்குப் போன ஆச்சி இரண்டு தண்டை ஒடித்தார். தாளில் சுற்றி எடுத்து வந்தார். ரயிலில் வந்தும் தண்டு வாடவில்லை. டின்னில் நட்டார். துளிர்த்தது.

மருமகளுக்குச் செடி என்றால் ஆசை. தினமும் காலையில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினார். ஜூன் மாதம் மழையும் பிடித்தது. மும்பை மழை செப்டம்பர் வரை விடாது. இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன.

"அத்தை, செடி வாடுது" என்று மருமகள் இன்னொரு செம்பு ஊற்றினார்.

ஒரு வாரத்தில் அடித்தண்டு கறுத்தது. தொட்டால் கொழகொழ என்று இருந்தது. நாற்றம் அடித்தது.

"தாகத்துல சாகலைம்மா. தண்ணி குடிச்சே சாகுது" என்றார் ஆச்சி.

அது எப்படி? பிரண்டைத் தண்டு ஒரு தண்ணீர்ப் பை மாதிரி. கிடைத்த நீரைச் சதையில் சேர்த்து வைக்கும். தண்டின் தோலில் கண்ணுக்குத் தெரியாத சிறு துளைகள் உண்டு. பகல் வெயிலில் அவை மூடியே இருக்கும். இரவில்தான் திறக்கும். அதனால் உள்ளே இருக்கும் நீர் வீணாவதில்லை. ஆனால் வேருக்குக் காற்று வேண்டும். மண் எப்போதும் சேறாக இருந்தால் வேர் மூச்சு முட்டி அழுகிவிடும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. அப்போதும் இலை வாடும். நாம் தாகம் என்று நினைத்துவிடுகிறோம்.

தண்டைத் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். தண்டு சுருங்கி மெலிந்தால் தாகம். கறுத்துக் குழைந்தால் தண்ணீர் அதிகம். முற்றிய தண்டில் இலை உதிர்வது இயல்பு. அதற்காகப் பயப்பட வேண்டாம்.

ஆச்சி செடியைத் தூக்கிப் போடவில்லை. அழுகலுக்கு மேலே நல்ல பச்சைத் தண்டாகப் பார்த்து வெட்டினார். ஒவ்வொரு துண்டிலும் மூன்று கணு. உடனே நடவில்லை. வெட்டிய வாய் காய வேண்டும். நான்கு நாள் நிழலில் போட்டு வைத்தார். ஈரவாயோடு நட்டால் மறுபடியும் அழுகும்.

டின்னின் அடியில் ஆணியால் ஆறு ஓட்டை போட்டார். முதல் முறை இதைச் செய்யாததுதான் பெரிய தவறு. அடியில் உடைந்த செங்கல் துண்டுகள். மேலே செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய சாணம் ஒரு பிடி. ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டார். ஒரு வாரம் தண்ணீர் காட்டவில்லை. மழை மாதங்களில் டின் கூரைத் தகட்டுக்கு அடியில் இருந்தது. இப்போது கோடையில் வாரம் ஒரு முறைதான் தண்ணீர். அதுவும் விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும்.

வெயில் அரை நாள் கிடைத்தால் போதும். இருட்டில் வைத்தால் தண்டு நூலாக மெலியும். டின்னைக் கெட்டிக் கம்பியில் தொங்கவிட வேண்டும். ஈர மண் கனமானது. இன்னொன்று, சுருள் கம்பி எதையும் பிடித்து ஏறும். மின்சார வயர் பக்கம் போனால் உடனே வெட்டிவிட வேண்டும். வெட்டினால் கிளைக்கத்தான் செய்யும்.

வெட்டிய கொழுந்து துவையலுக்கு ஆகும். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நாரை உரிக்க வேண்டும். பிரண்டையில் ஊசி போன்ற நுண்ணிய உப்புத் துகள்கள் இருக்கின்றன. அவைதான் அரிப்புக்குக் காரணம். எண்ணெயில் நன்றாக வதக்கி, புளி சேர்த்து அரைத்தால் நாக்கு அரிக்காது. முற்றிய தண்டு வேண்டாம்.

பக்கத்து வீட்டு மராத்தி அம்மா இதைக் காண்டவேல் என்பார். இந்தியில் ஹட்ஜோட். எலும்பை ஒட்டுவது என்று பொருள்.

ஒரு நாள் அந்த அம்மாவின் மகன் பரணுக்குப் போகும் இரும்பு ஏணியிலிருந்து விழுந்தான். மணிக்கட்டு வீங்கி வளைந்திருந்தது. அந்த அம்மா ஓடி வந்து பிரண்டை கேட்டார். அரைத்து இறுக்கிக் கட்டப் போகிறாராம்.

ஆச்சி கொடுக்கவில்லை. ஓர் அட்டையை மடித்துக் கைக்கு அடியில் கொடுத்தார். துணியால் தளர்வாகக் கட்டினார். கையைக் கழுத்தோடு தூளி போலத் தொங்கவிட்டார். "முதல்ல படம் எடுங்க" என்று அனுப்பினார்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறிந்து விலகியிருந்தது. விலகிய எலும்பை எந்தப் பச்சிலையும் நேராக்காது. இழுத்துப் பொருத்தி மாவுக்கட்டுப் போட்டார்கள். இறுக்கிக் கட்டியிருந்தால் இரத்தம் ஓடாமல் விரல்கள் நீலமாகியிருக்கும். கையே போயிருக்கும். 1960களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் உடுப்பா என்ற மருத்துவரும் பிரசாத் என்பவரும் பிரண்டையை விலங்குகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். முறிவு விரைவாகக் கூடுகிறது என்று எழுதினார்கள். அது கூடுகிற வேகத்தைப் பற்றிய பேச்சு. கோணலாக நிற்கும் எலும்பு விரைவாகக் கூடினால் கோணலாகவே கூடும்.

ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தார்கள். கை நேராக இருந்தது. அந்த அம்மா மறுபடியும் பிரண்டை கேட்டு வந்தார். இந்த முறை நடுவதற்கு. ஆச்சி மூன்று கணு உள்ள தண்டாக வெட்டிக் கொடுத்தார்.

"நாலு நாள் நிழல்ல காய விடுங்க. டின்னுல ஓட்டை போடுங்க" என்றார்.