காற்றை வென்ற சாய்வு மிதிவண்டி

நுழையும்முன்

மிதிப்பவரின் கால்வலிமையே மிதிவண்டிப் பந்தயத்தின் முடிவைத் தீர்மானிக்கிறது என்று பொதுவாக எண்ணுகிறோம். ஆனால், அவர் அமரும் முறையும் அம்முடிவை மாற்றவல்லது. 1933ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டில் புதுவடிவ மிதிவண்டி ஒன்று உலகச் சாதனையை முறியடித்தது. அடுத்த ஆண்டே அது பந்தயத்திலிருந்து விலக்கப்பட்டது. அவ்வண்டியின் வேகத்திற்குரிய அறிவியலையும், அதனைச் சூழ்ந்து எழுந்த வழக்கையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இருவகை மிதிவண்டிகள்

மிதிவண்டி என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றும் வடிவம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நிலைபெற்றது. 1885ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய வண்டியே அதற்கு முன்மாதிரி. ஏறத்தாழ ஒரே அளவுள்ள இரு சக்கரங்கள், பின்சக்கரத்தை இயக்கும் சங்கிலி, உயரத்தில் ஓர் இருக்கை, அதன்கீழ் மிதிகட்டைகள் என்னும் அவ்வமைப்பு இன்றுவரை பெரிதும் மாறவில்லை.

சாய்வு மிதிவண்டியின் அமைப்பு வேறு. சாய்வு நாற்காலியில் அமர்வதுபோல, முதுகைப் பின்னணையில் சாய்த்துக் கால்களை முன்னோக்கி நீட்டி இதனை ஓட்டுகின்றனர். மிதிகட்டைகள் இருக்கைக்குக் கீழே இல்லாமல் முன்புறத்தில் உள்ளன. அவற்றைப் பின்சக்கரத்துடன் இணைக்க நீண்ட சங்கிலி தேவைப்படுகிறது. பார்ப்பவருக்கு இது ஓய்வெடுப்பவரின் ஊர்தியாகத் தோன்றும். ஆயினும், சமதரையில் வேகமெடுக்கும்போது இது வழக்கமான மிதிவண்டியை முந்தும் ஆற்றலுடையது.

காற்று என்னும் எதிராளி

மெதுவாகச் செல்லும் மிதிவண்டிக்குச் சக்கரங்களின் உராய்வே முதன்மையான தடை. வேகம் கூடக்கூடக் காற்று அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கிறது. காற்றின் தடைவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. அதனை வெல்லத் தேவைப்படும் திறனோ வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் தம் வேகத்தை 40 கிலோமீட்டராக உயர்த்த விரும்பினால், காற்றை எதிர்க்க மட்டும் எட்டு மடங்கு திறனைச் செலவிட வேண்டும். அந்த வேகத்தில் அவர் செலவிடும் திறனில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு காற்றுக்கே போய்விடுகிறது.

காற்றுத்தடையைக் குறைக்க வேண்டுமானால், காற்றுக்கு எதிரே நிற்கும் பரப்பைக் குறைக்க வேண்டும். வடிவத்தையும் காற்று வழுக்கிச் செல்லுமாறு அமைக்க வேண்டும். நிமிர்ந்து அமர்ந்திருப்பவரின் மார்பும் தோள்களும் பாய்மரம்போல் காற்றைத் தாங்குகின்றன. பந்தய வீரர்கள் முதுகை வளைத்துக் குனிந்து ஓட்டுவது இதனாலேயே. சாய்வு மிதிவண்டியில் கால்கள் முன்னே செல்ல, உடல் அவற்றின் பின்னே தாழ்ந்து கிடக்கிறது. காற்று சந்திக்கும் பரப்பு வெகுவாகக் குறைகிறது.

முதுகு பின்னணையில் ஊன்றியிருப்பதால் கால்களுக்குக் கூடுதல் வலிமை கிடைக்கிறது என்றும், வேகத்திற்கு அதுவே காரணம் என்றும் கருதுவோர் உண்டு. உண்மையில், சாய்வு மிதிவண்டியின் வேகம் காலின் வலிமை கூடுவதால் வருவதன்று; காற்றிடம் இழக்கும் திறன் குறைவதால் வருவது.

ஒருமணி நேரச் சாதனை

மிதிவண்டிப் பந்தயங்களுள் மிக எளிமையானதும் மிகக் கடுமையானதும் ஒருமணி நேரச் சாதனை முயற்சியே. வட்ட ஓடுதளத்தில் வீரர் தனியொருவராக ஒருமணி நேரம் ஓட்டுகிறார். அதற்குள் அவர் கடந்த தொலைவே சாதனை. 1914ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து வீரர் ஆஸ்கர் எக் 44.247 கிலோமீட்டர் ஓட்டிப் படைத்த சாதனை பத்தொன்பது ஆண்டுகள் முறியடிக்கப்படாமல் நின்றது.

அக்காலத்தில் பிரான்சில் ஷார்ல் மோஷே என்பவர் சிறிய ஊர்திகளை வடிவமைத்து வந்தார். தம் மகன் ஜார்ஜுக்காக மிதித்து ஓட்டும் நான்கு சக்கர வண்டி ஒன்றைச் செய்தார். அது பெரியவர்களையும் கவரவே, ‘வெலோகார்’ என்னும் பெயரில் இருவர் அமர்ந்து மிதிக்கும் வண்டியை உருவாக்கினார். அவ்வண்டியைப் பாதியாக்கியதுபோல அவர் அடுத்து அமைத்த இருசக்கர வண்டியே சாய்வு மிதிவண்டியாக அமைந்தது. காற்றைத் தடுக்கும் உறைகளைப் பந்தயங்களில் பயன்படுத்தப் பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் 1914லேயே தடைவிதித்திருந்தது. எனவே மோஷே தம் வண்டிக்கு அனுமதி உண்டா என்று முன்கூட்டியே ஒன்றியத்திடம் கேட்டார். வண்டியில் உறை எதுவும் இல்லாததால் தடையில்லை என்னும் விடை வந்தது.

அவ்வண்டியை ஓட்ட முன்வந்தவர் பிரான்சிஸ் ஃபோர். அவர் முதல்நிலை வீரராக மதிக்கப்பட்டவர் அல்லர். படுத்துக்கொண்டு ஓட்டுகிறார் என்று சக வீரர்கள் நகைத்தனர். 1933ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் பாரிஸ் நகரப் பந்தய அரங்கில் ஃபோர் ஒருமணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். ஆஸ்கர் எக்கின் சாதனை வீழ்ந்தது, நகைப்பும் நின்றது.

மிதிவண்டி எது?

நகைப்பு நின்ற இடத்தில் வழக்குத் தொடங்கியது. சில வாரங்களில், அதே ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், பிரான்ஸ் வீரர் மொரிஸ் ரிஷார் வழக்கமான மிதிவண்டியில் 44.777 கிலோமீட்டர் ஓட்டினார். எக்கின் சாதனையைவிட இது மிகுதி. ஃபோரின் சாதனையைவிடக் குறைவு. உலகச் சாதனையாளர் யார் என்னும் வினா எழுந்தது. அதற்கு விடைகாண, மிதிவண்டி என்பது எது என்னும் வினாவுக்கு முதலில் விடைகாண வேண்டியிருந்தது.

இருதரப்பிலும் நியாயம் இருந்தது. சாய்வு மிதிவண்டிக்கும் இரு சக்கரங்களே உள்ளன. மனித ஆற்றலே அதனையும் இயக்குகிறது. விதி எதனையும் அது மீறவில்லை என்றனர் ஒருசாரார். பந்தயம் மனிதர்க்கிடையே நடப்பது, பொறிகளுக்கிடையே நடப்பதன்று. வண்டியின் வடிவம் வேறுபட்டால் வீரர்களின் திறமையை ஒப்பிட இயலாது என்றனர் மறுசாரார். 1934ஆம் ஆண்டில் ஒன்றியம் முடிவெடுத்தது. மிதிகட்டைகளின் அச்சு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கலாம், இருக்கைக்கு எவ்வளவு முன்னே இருக்கலாம் என்பனவற்றை வரையறுத்துப் பந்தய மிதிவண்டிக்குப் புதிய இலக்கணம் வகுத்தது. அவ்விலக்கணத்திற்குள் மோஷேயின் வண்டி அடங்கவில்லை. ஃபோரின் சாதனை தனிவகையாக ஒதுக்கப்பட்டது. அதே ஆண்டில் மோஷே மறைந்தார்.

மகன் ஜார்ஜ் தந்தையின் பணியைத் தொடர்ந்தார். காற்று வழுக்கிச் செல்லும் உறையிட்ட சாய்வு மிதிவண்டியில் 1939ஆம் ஆண்டு ஃபோர் ஒருமணி நேரத்தில் 50.537 கிலோமீட்டர் ஓட்டினார். ஒன்றியத்தின் விதிகளுக்கு உட்பட்ட மிதிவண்டியில் 50 கிலோமீட்டர் எல்லையைக் கடக்க அதன்பின் 45 ஆண்டுகள் தேவைப்பட்டன. 1984இல் இத்தாலி வீரர் பிரான்செஸ்கோ மோசர் அவ்வெல்லையைக் கடந்தார்.

அதே வீரர், இரு அளவுகள்

சாய்வு மிதிவண்டியை விலக்கியதால் காற்றின் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. 1972இல் பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் தம் சாதனை முயற்சிக்கு மெக்சிகோ நகரைத் தேர்ந்தெடுத்தார். கடல்மட்டத்திற்கு மேல் 2,200 மீட்டரைவிட உயரத்தில் உள்ள அந்நகரில் காற்றின் அடர்த்தி குறைவு. அங்கு அவர் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். மோசரும் அந்நகரையே நாடினார்.

பின்வந்தோர் அமரும் முறையை மாற்றினர். இங்கிலாந்து வீரர் கிறிஸ் போர்டுமேன் 1996இல் கைகளை முன்னே நீட்டி, உடலைக் காற்றுக்கு ஒளித்து, 56.375 கிலோமீட்டர் ஓட்டினார். அந்நிலையையும் ஒன்றியம் பின்னர்த் தடைசெய்தது. 2000ஆம் ஆண்டில் மெர்க்ஸ் பயன்படுத்தியதை ஒத்த வழக்கமான மிதிவண்டியே சாதனைக்கு உரியது என்று விதி மாறியது. அவ்வாண்டு அதே போர்டுமேன் அத்தகைய வண்டியில் ஓட்டிய தொலைவு 49.441 கிலோமீட்டர். மெர்க்ஸைவிட 10 மீட்டரே மிகுதி. ஒரே வீரரின் இரு முயற்சிகளுக்கு இடையே ஏறத்தாழ 7 கிலோமீட்டர் வேறுபாடு. நான்கு ஆண்டுகளில் அவர் வயது கூடியிருந்தது உண்மையே. எனினும், வேறுபாட்டின் பெரும்பகுதி அமரும் முறையாலும் வண்டியாலும் வந்தது.

விதிகள் 2014இல் மீண்டும் தளர்த்தப்பட்டன. 2022இல் இத்தாலி வீரர் பிலிப்போ கன்னா, விதிக்குட்பட்ட மிதிவண்டியில் 56.792 கிலோமீட்டர் ஓட்டினார். முற்றும் உறையிட்ட சாய்வு மிதிவண்டிகளோ ஒருமணி நேரத்தில் 92 கிலோமீட்டருக்கு மேல் சென்றுள்ளன. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் பேட்டில் மவுண்டன் என்னும் ஊருக்கு அருகே உள்ள நெடுஞ்சாலையில், 2016ஆம் ஆண்டு கனடாவின் டாட் ரைக்கர்ட் அத்தகைய வண்டியில் மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார். அவ்வண்டியை இயக்கியவை அவருடைய இரு கால்கள் மட்டுமே.

மேட்டில் மாறும் கணக்கு

எனில், சாய்வு மிதிவண்டி எங்கும் எப்போதும் விரைவானதா? மலைப்பாதை அதற்கு விடையளிக்கிறது. மேட்டில் ஏறும்போது வேகம் குறைகிறது. எனவே காற்றுத்தடையும் குறைகிறது. அங்கே எதிராளி புவியீர்ப்பு. பின்னணையும் நீண்ட சங்கிலியும் கொண்ட சாய்வு மிதிவண்டி பெரும்பாலும் எடை மிகுந்தது. வழக்கமான மிதிவண்டியை ஓட்டுபவர் இருக்கையிலிருந்து எழுந்து, தம் உடல் எடையை மிதிகட்டையின்மேல் செலுத்தலாம். சாய்ந்திருப்பவருக்கு அவ்வழி இல்லை. மெதுவாகச் செல்லும்போது சமநிலையைக் காப்பதும் அவருக்குக் கடினம். நகரச் சாலையில் தாழ்ந்து செல்லும் வண்டி பேருந்து ஓட்டுநரின் பார்வைக்கு எளிதில் படாது. சமதரையிலும் இறக்கத்திலும் வென்ற வண்டி, மேட்டிலும் நெரிசலிலும் பின்தங்குகிறது.

ஒப்பீடு கற்பிப்பது

எது விரைவானது என்னும் வினாவுக்கு ஒற்றைச் சொல்லில் விடை இல்லை. எந்தத் தரையில், எந்த வேகத்தில், எந்த விதியின்கீழ் என்பவற்றையும் சேர்த்துக் கேட்கும்போதே அவ்வினா முழுமை பெறுகிறது. வீரர்களை ஒப்பிட விரும்புவோர் வண்டிகளை ஒரே வகையாக வைத்துக்கொள்வது முறையே. ஆனால், பந்தயத்திற்காக வகுத்த இலக்கணத்தை மிதிவண்டிக்கே உரிய இலக்கணமாகக் கொண்டுவிட்டால், வேறு வடிவம் இருக்கக்கூடும் என்னும் எண்ணமே மறைந்துவிடும். ஃபோரின் சாதனை ஏட்டில் வேறு பக்கத்துக்கு மாற்றப்பட்டது. அவர் ஒருமணி நேரத்தில் கடந்த 45.055 கிலோமீட்டரில் ஒரு மீட்டரும் அதனால் குறையவில்லை.

தெரிந்து தெளிவோம்

ஆஸ்கர் எக்கைவிட ஃபோரின் வேகம் ஏறத்தாழ 1.8 விழுக்காடே மிகுதி. ஆனால், வண்டியும் அமரும் முறையும் மாறாமல் ஒருவர் தம் வேகத்தை அந்த அளவு உயர்த்த வேண்டுமானால், காற்றை எதிர்க்கும் திறனை ஏறத்தாழ ஐந்தரை விழுக்காடு உயர்த்த வேண்டும். வேகத்தின் மும்மடிக்கு ஏற்பத் திறன் உயர்வதே இதற்குக் காரணம்.

கற்பவை கற்றபின்

1. 1934ஆம் ஆண்டின் முடிவு சரியானதா? ஏற்றும் மறுத்தும் பேசும் இரு குழுக்களாகப் பிரிந்து வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

2. உம் ஊரில் மிதிவண்டி ஓட்டுவோர் எதிர்காற்றில் எவ்வாறு அமர்ந்து ஓட்டுகின்றனர் என்பதை உற்றுநோக்கி, அதன் காரணத்தை விளக்கி ஒரு பத்தி எழுதுக.

3. விதிமாற்றத்தால் சாதனையின் மதிப்பு மாறிய வேறொரு விளையாட்டைப் பற்றிய செய்திகளைத் திரட்டிக் கட்டுரையாக்குக.