சுப்ரதா மித்ராவின் ஒளி

கேள்வி: சத்யஜித் ராயின் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவின் படங்களுள் தலைசிறந்தவை எவை?

பதில்: திரைப்படக் காமிராவை அதற்குமுன் இயக்கியே அறியாத 21 வயது இளைஞராக ‘பதேர் பாஞ்சாலி’யைத் தொடங்கியவர் அவர் என்பது ஆச்சரியமே, எனினும் என் அபிப்பிராயத்தில் முதல் ஸ்தானம் ‘அபராஜிதோ’வுக்கே (1956) உரியது. அப்படத்தில் வரும் காசி வீட்டு முற்றத்தை ஸ்டூடியோவுக்குள் நிர்மாணிக்க எண்ணியபோது, அம்முற்றத்தின் நிழலற்ற வெளிச்சத்தை அங்கே கொண்டுவர இயலாதென்று முதலில் ஆட்சேபித்த அவரே, பின்னர் மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்கொளி அதில் பட்டுத் திரும்பி மெதுவாகக் கீழிறங்கும்படி செய்து, ஆகாயத்தின் சுபாவமான பிரகாசத்தையே சிருஷ்டித்துவிட்டார். ‘சாருலதா’வில் (1964) ஊஞ்சலாடும் மாதவி முகர்ஜியின் முகமும் மறக்கவொண்ணாதது. ஆயினும் ‘அபராஜிதோ’வையே முதலில் பாருங்கள், அந்த முற்றத்தைக் கவனியுங்கள்.