டேங்க் மூடி திறக்கவில்லையா? ஆக்டிங் டிரைவர்களுக்குச் சில வழிகள்

இன்று ஸ்விஃப்ட், நாளை இன்னோவா. ஆக்டிங் டிரைவருக்கு வண்டி நாளுக்கு நாள் மாறும். பங்க்கில் பின்னால் வரிசை நிற்கும்போது லீவரைத் தேடித் துழாவினால், ஓனருக்கு உங்கள் மேல் உள்ள நம்பிக்கை குறையும். சாவி வாங்கியதுமே இவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பக்கம்?
பெரும்பாலான கார்களில் ஃபியூயல் மீட்டரின் பங்க் படத்தருகே சிறு முக்கோணம் இருக்கும். அதன் முனை காட்டும் பக்கத்தில்தான் மூடி.

எப்படித் திறப்பது?
சில கார்களில் டிரைவர் சீட்டை ஒட்டித் தரையிலோ, டேஷ்போர்டுக்குக் கீழேயோ லீவர் இருக்கும். பக்கத்திலேயே டிக்கி லீவரும் இருக்கலாம். படத்தைப் பார்த்து இழுங்கள். சிலவற்றில் பட்டன். சிலவற்றில் மூடியையே அழுத்த வேண்டும்; கதவுகள் லாக் ஆகியிருந்தால் இந்த வகை திறக்காது. முதலில் அன்லாக் செய்து பாருங்கள்.

சிக்கிக்கொண்டால்?
1. ஒருவர் லீவரை இழுத்துப் பிடிக்கட்டும். இன்னொருவர் மூடியை உள்ளங்கையால் மெல்ல அழுத்தி விடட்டும். தூசியாலோ ஸ்பிரிங் தளர்ந்தோ சிக்கியிருந்தால் இதிலேயே திறந்துவிடும்.
2. லீவர் பிடிப்பில்லாமல் லொடலொடவென்று வந்தால், கேபிள் அறுந்திருக்கலாம் அல்லது கழன்றிருக்கலாம். பல கார்களில் டிக்கிக்குள், மூடி உள்ள பக்கத்துச் சுவரில் அவசரத்துக்கு இழுக்கும் கயிறு உண்டு. இடம் கார் மேனுவலில் இருக்கும்.
3. அதற்கும் அசையாவிட்டால் ஓனரிடம் சொல்லி மெக்கானிக்கிடம் விடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள், பெயின்ட் பெயர்ந்து மூடியும் வளையும்.

திறந்த பிறகு
பெட்ரோலா, டீசலா என்று மூடியின் உட்புற ஸ்டிக்கரைப் பார்த்து, பங்க் ஊழியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தவறிப்போய் மாற்றி நிரப்பிவிட்டால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே கூடாது. உள்மூடியை மெதுவாகத் திருகுங்கள். உஸ்ஸென்று காற்று வெளியேறுவது இயல்புதான். மூடும்போது ‘கிளிக்’ சத்தம் கேட்கும்வரை திருகுங்கள்.

மூடி இறுகத் தொடங்கினால், வண்டியை ஒப்படைக்கும்போதே ஓனரிடம் சொல்லிவிடுங்கள். அடுத்தவர் வண்டியைத் தன் வண்டிபோல் பார்ப்பவரைத்தான் ஓனர் மறுபடியும் கூப்பிடுவார்.