ஆடும் திருவுருவை எழுதுமாறு

ஓவியமும் சிற்பமும் தாம் அசையாப் பொருள்கள். அவற்றின்கண் அமையும் உருவமோ ஆடுவதாகவும் ஓடுவதாகவும் எறிவதாகவும் தோன்றல் வேண்டும். அசையாத ஒன்றில் அசைவைத் தோற்றுவிக்குமாறு எங்ஙனம் என்பதே உருவெழுதக் கற்பார்க்கு முதற்கண் எழும் வினாவாம். இதற்கு விடை காண்டற்கு அம்பலக்கூத்தன் திருவுருவினும் சிறந்த எடுத்துக்காட்டு வேறின்மையின், அதனையே முதலாகக் கொண்டு ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

அச்சிட்டு வழங்கும் கூத்தப்பெருமான் படங்கள் பலவற்றை நோக்குங்கால், கரம் நான்கும் உள; துடியும் தீயும் உள; தூக்கிய திருவடியும் உளது; ஆடல் ஒன்றே இல்லை. உறுப்புக்களைத் தனித்தனி எழுதி ஒட்டினாற்போல அவை நிற்கின்றன. இக்குறை அளவு நூலால் வந்ததன்று. அளவு வேண்டற்பாலதே. சுவாமிமலைத் தபதியரும் தென்னையோலை நறுக்கினை மடித்துப் பகுத்தே திருமேனியின் அளவுகளைக் கொள்கின்றனர். ஆயினும் அளவானது உறுப்பின் நீளத்தையும் அகலத்தையும் கூறுமன்றி, அவ்வுறுப்பு எது செய்கின்றது என்பதைக் கூறாது. அதனை எழுதுவோன் தானே உணர்ந்து அமைத்தல் வேண்டும்.

ஆகவே முதலில் துணியப்பட வேண்டுவது தொழில். தொழிலே நிலையைப் பிறப்பிக்கும்; நிலை தொழிலைப் பிறப்பியாது. துடியிற் படைப்பும், அமைத்த கரத்திற் காப்பும், அங்கியில் அழிப்பும், ஊன்றிய திருவடியில் மறைப்பும், எடுத்த திருவடியில் அருளும் அமைந்தனவென்பது உண்மை விளக்கம் உணர்த்தும் பொருள். இவற்றுள் தொழிலின்றி வறிதே நிற்கும் உறுப்பு ஒன்றுமின்மை காண்க. வேடனை எழுதினும் உழவனை எழுதினும் இந்நெறியே கொள்ளத்தக்கது. இக்கை எதனைப் பற்றுகின்றது, இக்கால் எதனைத் தாங்குகின்றது என்று வினாவி, விடை பெறாத உறுப்பினை மீள எழுதுக.

இரண்டாவது, பாரம். நிற்கும் உடலின் பாரம் யாண்டேனும் ஊன்றியே தீரும். சிற்ப நூலார் நிலைகளைச் சமபங்கம், ஆபங்கம், திரிபங்கம், அதிபங்கம் எனப் பகுத்துத் தூக்குநூல் விட்டு ஆராய்ந்ததும் இதுபற்றியே. சமபங்கத்தில் இருபுறமும் ஒத்து நிற்றலின் அமைதி தோன்றும். வளைவு மிகுதோறும் இயக்கம் மிகும். கூத்தன் திருவுருவில் பாரம் முழுதும் முயலகன்மேல் ஊன்றிய வலத்திருவடியிற் சென்று தங்குகின்றது. அம்முழங்கால் சிறிது மடங்கியிருத்தலாலே பாரம் தாங்குதல் புலனாகின்றது. அதனை நேரே நிறுத்தி எழுதின், ஊன்றிய அடி தூண்போலாகி, எடுத்த அடியும் வலிதின் ஒட்டியதுபோலாம். இடத்திருவடியும் இடக்கரமும் உடலைக் குறுக்கிட்டு வலப்பால் வீச, ஆடையின் தொங்கல் எதிர்ப்பாற் பறக்கின்றது. விரிசடை இருபாலும் பரக்கின்றது. இத்துணை இயக்கத்திடையே திருமுகம் ஒன்றே சலியாதிருக்கின்றது. சலியாத ஒன்று நடுவே நிற்றலாலன்றோ ஏனையவற்றின் சலனம் கண்ணுக்குப் புலனாகின்றது? எல்லாவற்றையும் ஒருங்கே அசைத்தெழுதுவோர் இதனை நினைவிற் கொள்வாராக.

இப்பாரத்தை ஏட்டிற் பயின்று அறிதல் அரிது. தன் உடலிற் பட்டே அறிதல் வேண்டும். திருவிளையாடற் புராணத்து இராசசேகர பாண்டியன் வரலாறு இதற்குச் சான்றாம். அறுபத்து மூன்று கலைகள் வல்ல அவன், எஞ்சிய கூத்தினைப் பயிலப் புக்கபோது தன் உறுப்புக்கள் நொந்தமையால், ஒரே அடியூன்றி ஆடும் பெருமானுக்கும் அந்நோவு உண்டாமென உருகிக் கால்மாறி ஆடுமாறு வேண்டினான் என்ப. மதுரை வெள்ளியம்பலத்தில் இடத்திருவடி ஊன்றி வலத்திருவடி எடுத்து நிற்றலை இன்றும் காணலாம். பன்னாள் கண்ணாற் கண்ட திருவுருவில் அவன் பாரத்தைக் கண்டது தன் கால் நொந்த பின்னரேயாம். உருவெழுதுவோனும் தான் எழுதக் கருதிய நிலையில் ஒருகாற் சிறிது நேரம் நின்று, எங்கே இழுக்கின்றது, எங்கே நோகின்றது என்று அறிந்து, பின்னரே கோலை எடுப்பானாக.

மூன்றாவது, கணம். பரத நூல் கூறும் 108 கரணங்களும் இயக்கங்களேயன்றி நிலைத்த நிலைகள் அல்ல. கையும் காலும் உடலும் ஒருங்கியைந்து செல்லும் செலவே கரணமாம். அச்செலவில் ஒரு கணத்தையே சிற்பி கல்லில் நிறுத்துகின்றான். 1010-இல் நிறைவெய்திய தஞ்சைப் பெருங்கோயிலின் விமான மேல்நிலைச் சுற்றில் 81 கரணங்கள் செதுக்கப்பட்டுள்ளன. எஞ்சியவற்றிற்குரிய இடங்கள் வெறுங்கல்லாகவே உள்ளன. தில்லைக் கோபுர வாயில்களிலும் கரணங்கள் உள. ஒரே கரணம் ஈரிடத்தும் வேறுபட்டுத் தோன்றுமாயின், ஒரு சிற்பி தொடக்கத்தையும் மற்றொருவன் முடிவையும் கொண்டிருத்தல் கூடும் என்று கருதி நோக்குக. முன்னிகழ்ந்ததும் பின்னிகழ்வதும் ஒருங்கே ஊகிக்கப்படும் கணமே கொள்ளத்தக்கது. கண்ணப்பரை எழுதுவோன் அம்பு கண்ணிற் பட்டபின் எழுதின் நிகழ்ச்சி முடிந்துபோம். அடையாளமாகத் திருவடியை ஊன்றி, அம்பினை மற்றைக் கண்ணருகே கொண்டு, இறைவன் கரம் தடுக்க எழும் அக்கணத்தை எழுதின், காண்போர் நெஞ்சம் பதைத்து நிற்கும்.

பயில்வார் கைக்கொள்ளும் முறையைத் தொகுத்துக் கூறுவாம். தொழிலைத் துணிக. அதன் கணத்தைத் தெரிக. அந்நிலையில் தாமே நின்று பார்க்க. உச்சி முதல் ஊன்றிய அடிகாறும் உடல் செல்லும் வளைவினை ஒரே கோட்டால் இழுக்க. அக்கோட்டின்மேல் தலை, மார்பு, இடை என்னும் மூன்றையும் அவை சாயும் சாய்வோடு வைக்க. அதன்பின் கைகால்களையும், ஈற்றில் அணியும் ஆடையும் எழுதுக. அணியிலிருந்து தொடங்குவோர் படம் அழகியதாயினும் ஆடாது.

மடங்களும் சபைகளும் சிறுவர்க்கென வெளியிடும் நூல்களிற் படங்கள் சேர்த்து வருகின்றன. ஐந்தொழிலைச் செய்யுளாற் பயிலுமுன் சிறுவன் அதனைப் படத்திலேயே காண்கின்றான். ஊன்றிய அடியில் பாரம் தோன்றாத படத்தில் எடுத்த அடியின் அருளை அவன் எங்ஙனம் காண்பான்? ஆதலின் படம் எழுதுவிப்போர், அச்சிற்கு அனுப்புமுன் ஊன்றிய அடியை முதற்கண் நோக்கி, அது பாரம் தாங்காதாயின் திருத்தி எழுதுவித்தல் கடனாம்.