ஒரு வரியில் நம்மைச் சொல்வது எப்படி?



மசாலாப் பொடியும் ஊறுகாயும் தயார் செய்யும் குழுக்களுக்கு ஒரு விஷயம் நல்லாத் தெரியும். பாக்கெட்டில் சீட்டு ஒட்டாமல் கடைக்கு அனுப்ப முடியாது. உள்ளே சரக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், வெளியே "எலுமிச்சை ஊறுகாய், 200 கிராம்" என்று இருந்தால்தான் வாங்குபவர் கையில் எடுப்பார். இணையத்திலும் அப்படி ஒரு சீட்டு இருக்கிறது. அதை எழுதுவது எப்படி என்பதுதான் இந்தப் பாடம்.

குறுவிளக்கம் என்றால் என்ன?

செல்போனில் கூகுளில் ஏதாவது தேடிப் பார்த்திருப்பீங்க. தலைப்புகள் வரிசையாக வரும். ஒவ்வொரு தலைப்பின் கீழும் ஒன்றிரண்டு வரி சின்ன எழுத்தில் இருக்கும். அதைப் படித்துத்தான் எதைத் தொடலாம், எதை விடலாம் என்று முடிவு செய்கிறோம். இந்தச் சின்ன வரிதான் குறுவிளக்கம்.

இதை யார் எழுதுகிறார்கள்? சொந்த இணையதளம் என்றால் அதன் உரிமையாளர் எழுதித் தரலாம். ஆனால் கூகுள் அதையே காட்டும் என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் பக்கத்தில் உள்ள எழுத்திலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். அதனால் பக்கத்தின் முதல் வாக்கியம் தெளிவாக இருப்பது ரொம்ப முக்கியம்.

எல்லோரும் எழுதும் தளம்

விக்கிப்பீடியா என்ற இலவசக் கலைக்களஞ்சியம் 2001இல் தொடங்கியது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் வந்தது. இன்று அதில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. அவற்றை எழுதியவர்கள் சம்பளம் வாங்கும் ஆட்கள் இல்லை, பொதுமக்கள்தான். நாமும் எழுதலாம், திருத்தலாம்.

இதன் கூடவே 2012இல் தொடங்கிய விக்கித்தரவு என்ற தளமும் உண்டு. அதில் ஒவ்வொரு ஊருக்கும் பொருளுக்கும் ஆளுக்கும் ஒரு பக்கம். அங்கே தமிழில் எழுதும் குறுவிளக்கம், விக்கிப்பீடியா செயலியில் தேடும்போது தலைப்பின் கீழே தெரியும். பல பக்கங்களில் தமிழ் விளக்கம் காலியாகக் கிடக்கிறது. நாம் எழுதவில்லை என்றால், நம் ஊரைப் பார்க்காத ஒருவர் எழுதுவார். இல்லாவிட்டால் அது காலியாகவே கிடக்கும்.

மூன்று கேள்விகள்

எழுதும் முன் நம்மையே கேட்டுக்கொள்வோம்:

1. இது என்ன? (ஊரா, பொருளா, ஆளா?)
2. எங்கே உள்ளது, எங்கே செய்யப்படுகிறது?
3. இதே பெயருள்ள மற்றதிலிருந்து எப்படிப் பிரித்துச் சொல்வது?

இந்த மூன்றுக்கும் பதில் ஒரே வரியில் வந்துவிட்டால் வேலை முடிந்தது.

செய்து பார்ப்போம்

ஊர்: வேலூர் என்றால் பாலாற்றங்கரையில் கோட்டை உள்ள நகரம் நினைவுக்கு வரும். நாமக்கல் மாவட்டத்தில் காவிரிக்கரையில் பரமத்தி வேலூரும் இருக்கிறது. "தமிழ்நாட்டில் உள்ள ஓர் ஊர்" என்று எழுதினால் எந்த வேலூர் என்று தெரியுமா? "நாமக்கல் மாவட்டத்தில் காவிரிக்கரையில் உள்ள ஊர்" என்றால் குழப்பம் இல்லை. புதூர், புதுப்பட்டி என்ற பெயரில் எத்தனை ஊர்கள் இருக்கின்றன! அங்கெல்லாம் ஒன்றியம், மாவட்டம் இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பொருள்: பத்தமடைப் பாயை எடுத்துக்கொள்வோம். "உலகப் புகழ் பெற்ற மிகச் சிறந்த பாய்" என்று எழுதத் தோன்றும். இதில் தகவல் ஒன்றுமே இல்லையே! "திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையில் கோரையால் நெய்யப்படும் பாய்" என்று எழுதுங்க. எது, எங்கே, எதனால் என்று மூன்றும் வந்துவிட்டது. புகழ்ச்சி தானாக வரும்.

பெண்: இங்கேதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். மதுரை அருகே புல்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை அம்மாவை நம்மில் பலருக்குத் தெரியும். விவசாயக் கூலி வேலை செய்தவர். களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்பு இயக்கத்தை முன்னின்று நடத்தியவர். 1999ஆம் ஆண்டுக்கான ஸ்திரீ சக்தி விருதை அவருக்கு வழங்கியபோது அன்றைய பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது.

இவரைப் பற்றி ஒரு வரி எழுதச் சொன்னால் பலர் "பிரதமர் வணங்கிய பெண்" என்றுதான் எழுதுவார்கள். நடந்தது உண்மைதான். ஆனால் அந்த வரியில் அவர் செய்த வேலை எங்கே? "மதுரை மாவட்டப் பெண்கள் சேமிப்பு இயக்கத் தலைவர்" என்று எழுதிப் பாருங்க. இப்போது அவர் தன் உழைப்பால் நிற்கிறார். இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் ஒரு பெண்ணைக் குறிப்பதும் இதே குறைதான். எந்தப் பெண்ணாக இருந்தாலும் அவர் செய்த வேலையை முதலில் சொல்லுவோம்.

செய்யக் கூடாதவை

* விளம்பரம் வேண்டாம். நம் குழுவின் பொடி விலையை விக்கிப்பீடியாவில் எழுதினால் நீக்கிவிடுவார்கள். அது கடை இல்லை.
* ஒரே பெயரைப் பத்துத் தடவை அடுக்க வேண்டாம். அப்படி அடுக்குவதைக் கூகுள் ஏமாற்று வேலையாகவே கருதுகிறது.
* யாருடைய வீட்டு முகவரியும் செல்போன் எண்ணும் எழுத வேண்டாம்.
* கேள்விப்பட்டதை எழுத வேண்டாம். நாளிதழிலோ புத்தகத்திலோ அரசு ஆவணத்திலோ வந்ததை மட்டும் எழுதணும்.
* முழு வாக்கியம் தேவையில்லை, முற்றுப்புள்ளியும் தேவையில்லை. ஐந்தாறு சொற்கள் போதும்.

வேறொருவர் மாற்றிவிட்டால்?

மாற்றத்தான் செய்வார்கள், அது பொதுச் சொத்து. ஆனால் யார், எப்போது, என்ன மாற்றினார் என்பதெல்லாம் பக்கத்தின் வரலாற்றுப் பகுதியில் பதிவாகிவிடும். நம் தீர்மான நோட்டு மாதிரிதான். பழையதை எடுத்துப் பார்க்கலாம், தவறாக மாற்றியிருந்தால் திரும்பக் கொண்டுவரலாம். கருத்து வேறுபாடு வந்தால் பேச்சுப் பக்கத்தில் ஆதாரத்தோடு எழுதலாம். சண்டை வேண்டாம், சான்று போதும்.

அடுத்த கூட்டத்தில் செய்ய

ஒருவர் செல்போனை எடுத்து நம் ஊர்ப் பெயரைத் தேடுங்க. என்ன வரி வருகிறது என்று எல்லோருக்கும் சத்தமாகப் படியுங்க. பிறகு பேசுங்க:

1. அந்த வரி நம் ஊருக்குச் சரியாகப் பொருந்துகிறதா? எதை மாற்றலாம்?
2. நம் பகுதியில் விளையும் அல்லது செய்யப்படும் ஒரு பொருளை ஆறு சொற்களில் எழுதுங்க.
3. சுய உதவிக் குழுவைப் பற்றி ஒருவர் "கடன் வாங்கும் பெண்கள் குழு" என்று எழுதுகிறார். தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரியில் தொடங்கியதிலிருந்து நாம் சேமித்த சேமிப்பு அந்த வரியில் இருக்கிறதா? நீங்கள் எப்படி எழுதுவீர்கள்?

மூன்றாவது கேள்விக்குக் கிடைத்த பதிலைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்க. அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும் பிரதிநிதி அதைக் கொண்டுவரட்டும். எல்லாக் குழுக்களின் வரிகளையும் சேர்த்துப் படித்து, நல்லதைத் தேர்ந்தெடுப்போம்.